கார்பன் ரோடு பைக்: கால் அறிவதும் கை அறிவதும்

கடைக்காரர் கார்பன் சைக்கிளைக் காட்டும்போது முதலில் தூக்கிப் பார்க்கச் சொல்வார். மேல் பாருக்குக் கீழே இரண்டு விரலைக் கொடுத்தால் வண்டி எழும்பிவிடும். குரங்குப் பெடல் போட்டுப் பழகிய தலைமுறைக்கு, ஸ்டாண்டிலிருந்து இறக்கவே மூச்சுப் பிடிக்க வேண்டியிருந்த அந்த இருபது கிலோ சைக்கிள் நினைவுக்கு வரும். பாதிப் பேர் அந்த நொடியிலேயே வாங்க முடிவு செய்துவிடுகிறார்கள். எனக்கும் அந்த நொடி வாய்த்தது, அதன் மகிழ்ச்சி எனக்குத் தெரியும். ஆனாலும் இந்த அத்தியாயத்தைப் படித்து முடித்து, ஒருமுறை சாலையில் ஓட்டியும் பார்க்கும் வரை முடிவைத் தள்ளிப் போடுங்கள்.

கடையில் சொல்லும் எடையில் பெரும்பாலும் பெடல் சேர்ந்திருக்காது. ரோடு பைக்குக்குப் பெடலைத் தனியாக வாங்க வேண்டும். ஜோடி 250 முதல் 300 கிராம் வரும். பாட்டில் தாங்கிகள், முன்விளக்கு, பின்விளக்கு, சின்னப் பம்பு, சீட்டுக்குக் கீழே மாற்று ட்யூபும் டயர் லீவரும் வைத்த பை எல்லாம் சேர்ந்தால் ஒரு கிலோவை நெருங்கும். பிறகு தண்ணீர். 750 மில்லி பாட்டில் இரண்டு என்றால் அதுவே ஒன்றரை கிலோ. நம் ஊரில் காலை எட்டு மணிக்கே வெயில் உறைக்கத் தொடங்கிவிடும், தண்ணீரில் மட்டும் எடையைக் குறைக்க நினைக்காதீர்கள். ஆக, 7.5 கிலோ என்று சொல்லி விற்ற வண்டி சாலையில் இறங்கும்போது பத்து கிலோவைத் தாண்டியிருக்கும். அதன் மேல் நீங்கள் உட்கார வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓட்டுபவர் 70 கிலோ. தண்ணீர், உடை, ஷூ, மற்ற சாமான்கள் மூன்று கிலோ. கார்பன் வண்டி 7.5 கிலோ, அதோடு ஒப்பிட ஒரு நல்ல அலுமினிய ரோடு பைக் 10 கிலோ. மொத்தம் 80.5 கிலோவும் 83 கிலோவும். வித்தியாசம் மூன்று சதவீதம். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள் வழியாக ஏறினால் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரம் ஏறுகிறோம். ஓரளவு பழகிய ஒருவர் அதற்கு ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டால், கார்பன் வண்டி மிச்சப்படுத்திக் கொடுப்பது இரண்டரை நிமிடம் அல்லது சற்றே கூடுதல். சமதளத்தில் அதுவும் கிடையாது. மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் போகும்போது உங்கள் உழைப்பில் பெரும்பகுதியைத் தின்பது காற்று. காற்றுக்கு உங்கள் தோளின் அகலம்தான் கணக்கு, ஃபிரேமின் எடை இல்லை.

இவ்வளவுதானா என்று நினைத்துப் புத்தகத்தை மூடிவிட வேண்டாம். இரண்டரை நிமிடத்துக்காக நான் கார்பன் வண்டி ஓட்டுவதில்லை. அந்த ஒன்றரை மணி நேரமும் வண்டி எனக்குக் கீழே எப்படி இருக்கிறது என்பதற்காக ஓட்டுகிறேன். அந்த உணர்வு நிஜமானது. அது எங்கிருந்து வருகிறது என்று பிரித்து அறியத் தெரிந்தால், எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பதும் தெரியும்.

எழுந்து நின்று மிதிக்கும்போது

சீட்டில் உட்கார்ந்து நிதானமாக மிதித்தால் 7.5 கிலோ வண்டிக்கும் 10 கிலோ வண்டிக்கும் வேறுபாடு கண்டுபிடிப்பது கஷ்டம். இறங்கி நடக்கும் வேகத்துக்கு வந்து, ஒரு பல் கனமான கியருக்கு மாற்றி, சீட்டை விட்டு எழுந்து நின்று மிதியுங்கள். நிற்கும்போது நாம் நம்மை அறியாமலே வண்டியை இடமும் வலமுமாக ஆட்டுகிறோம். வலக்கால் கீழே போகும்போது கைகள் வண்டியை இடப்பக்கம் சாய்க்கும், இடக்கால் போகும்போது வலப்பக்கம். அந்த ஆட்டத்தில் உங்கள் உடம்பு பெரும்பாலும் நேராகவே நிற்கிறது, ஆடுவது வண்டி மட்டும். அதனால் அந்த நேரத்தில் உங்கள் 70 கிலோ கணக்கில் வராது. 10 கிலோவுக்குப் பதில் 7.5 கிலோவைக் கைகள் ஆட்டுகின்றன. மூன்று சதவீதமாக இருந்த வித்தியாசம் இங்கே இருபத்தைந்து சதவீதமாகிவிடுகிறது.

லேசான கார்பன் வண்டியைப் பற்றி எல்லாரும் சொல்லும் அந்த ‘துள்ளல்’ பெருமளவு இங்கிருந்துதான் வருகிறது. நாம் நினைத்த பக்கம் வண்டி வந்துவிடும். ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது, தோளும் கையும் களைத்துப் போன கடைசி வளைவுகளில், இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் இதை வேகம் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். உடம்புக்கு லேசாகத் தோன்றுவது எல்லாம் கடிகாரத்தில் தெரியாது.

சக்கரமும் இதே கதைதான். ரிம்மிலும் டயரிலும் உள்ள எடை ஓடவும் வேண்டும், சுற்றவும் வேண்டும். அதனால் வேகம் எடுக்கும் சில நொடிகளுக்கு மட்டும் அங்கே உள்ள 100 கிராம் 200 கிராமைப் போல நடந்துகொள்ளும். சீராக ஏறும்போது அது வெறும் 100 கிராம்தான். இருந்தாலும் சிக்னலில் நின்று கிளம்பும்போதும், வளைவு முடிந்து மறுபடி வேகம் பிடிக்கும்போதும் லேசான சக்கரத்தின் சுறுசுறுப்பு காலுக்கு நன்றாகவே தெரிகிறது. ஃபிரேமை மாற்றாமல் சக்கரத்தை மட்டும் மாற்றியவர்கள் புது வண்டி வாங்கியதுபோல் இருக்கிறது என்று சொல்வதில் மிகை கொஞ்சம்தான்.

மூன்றாவது சங்கதி விறைப்பு. ஃபிரேமின் அடியில், பெடல் அச்சு உட்காரும் இடத்தை மெக்கானிக்குகள் பி.பி. என்பார்கள். ஒரு பெடலின் மீது முழு எடையையும் போட்டு அழுத்தினால் பழைய மெல்லிய இரும்புக் குழாய் ஃபிரேமில் அந்த இடம் ஒரு பக்கமாக ஒதுங்கும். குனிந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியும். நல்ல கார்பன் ஃபிரேமில் அந்த அசைவு கிட்டத்தட்ட இருக்காது. கால் அழுத்தியதும் பின்சக்கரம் உடனே பதில் சொல்வதுபோல் இருக்கும். விறைப்பான ஃபிரேம் எவ்வளவு நேரத்தை மிச்சப்படுத்துகிறது என்று கேட்டால், மிகக் கொஞ்சம் என்பேன். வளையும் ஃபிரேம் தான் வாங்கிய சக்தியில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. ஆனால் மிதிக்கும் ஆளுக்கு அந்த உடனடிப் பதில் ஓர் ஊக்கம். கால் தானாக இன்னும் கொஞ்சம் அழுத்தும்.

ஒரே பொருள் இப்படி லேசாகவும் விறைப்பாகவும் எப்படி இருக்கிறது? மூங்கிலை நினைத்துக்கொள்ளுங்கள். மூங்கிலின் நார்கள் நீளவாக்கில் ஓடுகின்றன. நீளவாக்கில் இழுத்தால் மூங்கில் அசையாது. அதே மூங்கிலின் முனையில் கத்தியை வைத்துத் தட்டினால் நீளமாகப் பிளந்துவிடும். கார்பன் இழையும் அப்படித்தான், இழை ஓடும் திசையில் மட்டும் அசாத்திய வலிமை. அதனால் பிசின் தோய்ந்த கார்பன் தாள்களை வெட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக வெவ்வேறு திசைகளில் அச்சுக்குள் அடுக்கி, சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக வைக்கிறார்கள். குழாயின் நீளத்தோடு ஓடும் தாள் வளைவைத் தாங்கும். 45 பாகைச் சாய்வில் வைத்த தாள் முறுக்கைத் தாங்கும். பி.பி. பக்கம் தாள்கள் அதிகம், சீட்டுக்குப் பின்னால் போகும் மெல்லிய குழாய்களில் குறைவு. இரும்பின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 7.8 கிராம், அலுமினியம் 2.7, பிசினோடு இறுகிய கார்பன் 1.6 அளவில். இரும்புக் குழாயை ஓர் இடத்தில் விறைப்பாகவும் அடுத்த சாணில் நெகிழ்வாகவும் செய்வது கடினம். கார்பனில் அது தாள் அடுக்குபவரின் கையில் இருக்கிறது.

ஆகவே கார்பனுக்கென்று ஒரே குணம் கிடையாது. 1986-இல் கிரெக் லெமாண்ட் டூர் டி பிரான்ஸை வென்றபோது ஓட்டிய லுக் வண்டியில் கார்பன் குழாய்களை அலுமினிய இணைப்புகளில் ஒட்டியிருந்தார்கள். ஆறே ஆண்டுகளில், 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில், கிறிஸ் போர்டுமன் தங்கம் வென்ற லோட்டஸ் வண்டி குழாய்களே இல்லாமல் முழுதாக அச்சில் வார்த்தது. பெயர் இரண்டுக்கும் கார்பன்தான். இன்றும் ஒரே நிறுவனத்தின் ஒரே மாடல் பெயரில், விலைக்கேற்ப இழையின் தரமும் அடுக்கும் மாறும். ‘கார்பன்’ என்று ஸ்டிக்கரில் இருப்பதைப் படித்துவிட்டு வண்டியின் குணத்தைத் தெரிந்துகொண்டதாக நினைக்க முடியாது.

எடை குறைவதற்கும் எல்லை இல்லை. 2014-இல் ட்ரெக் வெளியிட்ட எமோண்டாவின் உச்ச மாடல் முழு வண்டியாக 4.65 கிலோ, 2020-இல் ஸ்பெஷலைஸ்டு வெளியிட்ட ஏத்தோஸின் மிக லேசான ஃபிரேம் 585 கிராம் என்று அறிவித்தார்கள். பந்தயத்தில், உலக சைக்கிள் கூட்டமைப்பான யுசிஐ 2000-ஆம் ஆண்டிலிருந்து 6.8 கிலோவுக்குக் குறைந்த வண்டியை அனுமதிப்பதில்லை. பந்தயம் ஓட்டாத நமக்கு அந்த விதி பொருந்தாது. ஆனாலும் ஏழு கிலோவுக்குக் கீழே போக ஒவ்வொரு நூறு கிராமுக்கும் ஆகும் செலவைப் பார்க்கும்போது, அந்தப் பணத்தை நல்ல டயருக்கும் உடம்புக்குத் தக்கபடி வண்டியைப் பொருத்திக் கொடுப்பவருக்கும் கொடுங்கள் என்றே சொல்வேன்.

சாலை கைக்கு வந்து சேரும் வழி

விடியற்காலை ஐந்து மணிக்குத் திருவான்மியூரில் கிளம்பி ஈசிஆர் எனும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் நோக்கிப் போவது சென்னைக்காரர்கள் பலருக்கு வாராந்திர வழக்கம். ஒரு வண்டியின் குணத்தை அறிய இதைவிட நல்ல பாதை இல்லை. வழுவழுப்பான நீளங்கள் உண்டு. குழாய் போடத் தோண்டி மூடிய ஒட்டுகள் உண்டு. வேகத்தைக் குறைக்கச் சாலைக் குறுக்கே அடுத்தடுத்துப் போட்ட தடித்த வெள்ளைக் கோடுகளும் உண்டு.

அந்தக் கோடுகளின் மேல் அலுமினிய வண்டி போகும்போது ‘கிர்ர்’ என்று ஒரு நடுக்கம் உள்ளங்கை வழியாக முழங்கை வரை ஏறும். கார்பன் வண்டியில் அடி தெரியும், ஆனால் அதன் கூர்மை மழுங்கியிருக்கும். ‘தொப் தொப்’ என்று உருண்டையாக வந்து அடங்கிவிடும். இழைக்கு நடுவே இருக்கும் பிசின் நுண்ணதிர்வை உலோகத்தைவிட வேகமாக அடக்குகிறது. மூன்று நான்கு மணி நேரம் ஓட்டிய பிறகு விரல் மரத்துப்போகும் வேகத்தில் இந்த வித்தியாசம் தெரியும், பத்து நிமிட ஓட்டத்தில் தெரியாது.

ஆனால் இந்தப் பெருமை முழுவதையும் ஃபிரேமுக்குக் கொடுக்க முடியாது. ஃபிரேம் என்பது முக்கோணங்களால் ஆனது. வீட்டுக் கூரையின் சட்டம் எப்படி மேலிருந்து வரும் எடைக்கு வளைந்து கொடுக்காதோ அப்படியே ஃபிரேமும் மேல்கீழாக மிகக் கொஞ்சமே அசையும். ஒரு பள்ளத்தில் இறங்கும்போது அதிகம் அமுங்குவது டயர். அதற்கு அடுத்து சீட் போஸ்ட்டும் சீட்டும். இன்னொன்றையும் பாருங்கள்: நடுத்தர விலை அலுமினிய ரோடு பைக்குகள் பலவற்றில் முன்ஃபோர்க் கார்பனாகவே வருகிறது. அதனால் கைக்கு வரும் அதிர்வில் இரண்டு வண்டிகளுக்கும் உள்ள தூரம் நீங்கள் எதிர்பார்ப்பதைவிடக் குறைவு.

டயரைப் பற்றி எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. இருபது ஆண்டுகளுக்கு முன் ரோடு பைக் என்றால் 23 மில்லிமீட்டர் டயர், கல் மாதிரி 110 பி.எஸ்.ஐ. காற்று. இறுக்கமான டயர் வேகமாக உருளும் என்று நம்பினார்கள். கண்ணாடி போன்ற தரையில் அது உண்மை. நம் சாலையில் அந்த டயர் ஒவ்வொரு சின்ன மேட்டுக்கும் வண்டியையும் ஆளையும் மேலே தூக்கிப் போடுகிறது. அப்படித் தூக்கிப் போட ஆகும் சக்தி உங்கள் காலிலிருந்துதான் போகிறது. அகலமான டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் மேட்டை டயரே விழுங்கிவிடும், வண்டி நேராகப் போய்க்கொண்டிருக்கும். 70 கிலோ எடையுள்ளவர் 28 மில்லிமீட்டர் டயரில் முன்னால் 65, பின்னால் 70 பி.எஸ்.ஐ. என்று தொடங்கி, ஒரு வாரம் இரண்டு இரண்டாக ஏற்றியும் இறக்கியும் பார்க்கலாம். டயரிலும் ரிம்மிலும் அச்சிட்டிருக்கும் எல்லைக்குள் இருக்க வேண்டும். ஓரத்தில் கொக்கி இல்லாத ஹுக்லெஸ் ரிம் என்றால் 72.5 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகவே கூடாது. மீறினால் டயர் கழன்று தெறிக்கலாம். வாங்கும் முன் ஃபிரேமில் எத்தனை மில்லிமீட்டர் டயர் வரை இடம் இருக்கிறது என்று கேளுங்கள். என் கணக்கில் நம் சாலைகளுக்கு 30 போட இடமில்லாத ஃபிரேம், எவ்வளவு லேசாக இருந்தாலும் வேண்டாம்.

சத்தத்தையும் சொல்லிவிடுகிறேன், புதிதாக வாங்கியவர்கள் முதல் வாரம் பயந்துபோகும் விஷயம் அது. கார்பன் ஃபிரேம் உள்ளே வெறுமை. குடத்தைப் போல எல்லாச் சத்தத்தையும் பெரிதாக்கும். சக்கரம் தூக்கி அடித்த சிறு கல் கீழ்க்குழாயில் பட்டால் ஃபிரேமே வெடித்ததுபோல் கேட்கும். பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. நிறுத்திப் பெயிண்ட் போயிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள், போதும். மிதிக்கும்போது ‘கிரீச் கிரீச்’ என்று வந்தால் எல்லாரும் பி.பி.யைக் குற்றம் சொல்வார்கள். அதற்கு முன் பெடலின் மரை, சீட் போஸ்ட், சீட்டைப் பிடிக்கும் போல்ட், பின்சக்கர அச்சு என்று ஒவ்வொன்றாகத் துடைத்து இறுக்கிப் பாருங்கள். எழுந்து நின்று மிதிக்கும்போது சத்தம் நின்றுவிட்டால் அது சீட்டுப் பக்கத்துச் சத்தம்.

இறக்கமும் பக்கக் காற்றும்

ஏறும்போது கொஞ்சிய வண்டி இறங்கும்போது கூடுதல் கவனம் கேட்கும். பந்தய வார்ப்பில் செய்த ரோடு பைக்கின் இரு சக்கர அச்சுகளுக்கும் நடுவே ஒரு மீட்டர்கூட இருக்காது. முன்ஃபோர்க் நிமிர்ந்து நிற்கும். நம் பழைய கனத்த சைக்கிள் நீளமானது, ஃபோர்க் சாய்ந்து படுத்திருக்கும், ஒரு கையை விட்டாலும் எருமை மாதிரி தன் வழியே போகும். லேசான ரோடு பைக் நீங்கள் பார்க்கும் திசைக்கே திரும்பிவிடும். முதல் மாதத்தில் பின்னால் திரும்பி வண்டி வருகிறதா என்று பார்க்கும்போது நீங்களே சாலை நடுவுக்குப் போய்விடக்கூடும். இதற்குப் பயிற்சி தவிர வேறு வழியில்லை. ஆளில்லாத சாலையில், ஓரக் கோட்டின் மேலேயே போய்க்கொண்டு, தலையைத் திருப்பிப் பார்த்துப் பழகுங்கள். தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்துத் திரும்ப வைப்பதையும் அப்படியே.

மலை இறக்கத்தில் வேகம் ஐம்பதைத் தாண்டும்போது எப்போதாவது ஹேண்டில்பார் தானாக நடுங்கத் தொடங்கும். பயத்தில் கை இறுகும், இறுக இறுக நடுக்கம் கூடும். அப்போது செய்ய வேண்டியது: இரண்டு முழங்காலாலும் அல்லது ஒரு முழங்காலால் மேல் பாரை அழுத்திப் பிடியுங்கள், சீட்டிலிருந்து எடையைக் கொஞ்சம் பெடலுக்கு மாற்றுங்கள், கைப்பிடியைத் தளர்த்துங்கள், பின் பிரேக்கை மெதுவாகப் போடுங்கள். நடுக்கம் அடங்கிவிடும். வீட்டுக்கு வந்ததும் ஹெட்செட் (ஹேண்டில்பாரும் ஃபோர்க்கும் திரும்ப உதவும் பேரிங்) தளர்ந்திருக்கிறதா, சக்கரம் கோணியிருக்கிறதா, டயர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த இறக்கத்துக்குப் போக வேண்டும்.

பக்கக் காற்றைப் புரிந்துகொள்ள முட்டுக்காடு பாலம் போதும். உப்பங்கழியும் கடலும் சேரும் இடம்; கட்டடம், மரம் என்று எந்த மறைப்பும் இல்லை. ஐம்பது மில்லிமீட்டர் உயர ரிம் போட்ட லேசான வண்டியில் பாலத்துக்குள் நுழைந்ததும் முன்சக்கரத்தை யாரோ பக்கவாட்டில் பிடித்துத் தள்ளுவதுபோல் இருக்கும். காற்றைவிட, காற்று திடீரென்று நிற்பதுதான் ஆபத்து: சாய்ந்து தாங்கிக்கொண்டிருக்கும்போது ஒரு பேருந்து கடந்து காற்றை மறைத்தால் வண்டி சாய்ந்த பக்கமே இழுபடும். ஓரத்தில் எப்போதும் ஒரு முழமாவது இடம் விட்டு ஓட்டுங்கள். அறுபது கிலோவுக்குக் குறைந்த எடையுள்ளவர்களுக்கு முன்சக்கரத்தில் உயரமான ரிம் வேண்டாம் என்பது என் கருத்து.

பிரேக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கார்பன் ரிம்மின் மேல் ரப்பர் கட்டை உரசும் பழைய வகை பிரேக், மழையில் முதல் சில சுற்றுகளுக்குப் பிடிக்கவே பிடிக்காது. நீண்ட மலை இறக்கத்தில் ரிம் சூடேறிப் பழுதாகலாம். வடகிழக்குப் பருவமழையும் மலைப்பாதையும் உள்ள ஊரில் டிஸ்க் பிரேக் வாங்குங்கள். ஒரு பாட்டில் தண்ணீர் அளவுக்கு எடை கூடினால் கூடட்டும்.

மெல்லிய சுவர்

லேசான கார்பன் ஃபிரேமின் மேல்குழாயில் சில இடங்களில் சுவர் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஓட்டும்போது வரும் விசையைத் தாங்க அது போதுமானது. தாள்களை அடுக்கியவர் அந்த விசைகளுக்காகவே அடுக்கியிருக்கிறார். எதிர்பாராத திசையில் வரும் அழுத்தத்துக்காக அடுக்கவில்லை. அதனால் சிக்னலில் நிற்கும்போது மேல்குழாயில் உட்காரக் கூடாது. பழுது பார்க்கும் ஸ்டாண்டின் பிடியை மேல்குழாயில் மாட்டக் கூடாது, சீட் போஸ்ட்டில் மாட்ட வேண்டும். காரின் பின்னால் ஃபிரேமைக் கவ்விப் பிடிக்கும் கேரியர் கூடாது.

என் முதல் கார்பன் வண்டியின் சீட் போஸ்ட் இரண்டு நாளுக்கு ஒருமுறை கீழே இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு பட்டறையில் சொன்னேன். அங்கிருந்தவர் நீளமான அலென் கீயைப் போட்டு, ‘இனி அசையாது’ என்று முழு பலத்தோடு இறுக்கினார். அசையவில்லை. மூன்று வாரம் கழித்துப் போஸ்ட்டைக் கழற்றியபோது கிளாம்ப் இருந்த இடத்தில் நகத்தில் தட்டுப்படும் அளவுக்கு ஒரு கீறல். போஸ்ட்டை மாற்ற வேண்டியதாயிற்று. ஃபிரேம் தப்பியது என் அதிர்ஷ்டம். அங்கே தேவைப்பட்டது பலம் இல்லை, கார்பன் பேஸ்ட். மணல் கலந்தது போன்ற அந்தப் பசையைத் தடவினால் குறைந்த இறுக்கத்திலேயே போஸ்ட் நிற்கும். பெரும்பாலான சீட் கிளாம்ப்புகளில் 5 நியூட்டன் மீட்டர் என்பதுபோல் எழுதியே இருக்கும். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வாங்காமல் கார்பன் வண்டி வாங்காதீர்கள். வாங்கியதும் வீட்டில் உள்ளவர்களுக்கும் அதைக் காட்டிச் சொல்லி வையுங்கள்.

கடலோர ஊர்க்காரர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். கார்பன் துருப்பிடிக்காது. ஆனால் கார்பனும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கத் தொடங்கும். கடல் காற்றில் உப்பு, நம் வியர்வையிலும் உப்பு. ஹேண்டில்பாருக்குக் கீழே ஹெட்செட் மூடி, பாட்டில் தாங்கியின் திருகுகள், அலுமினிய சீட் போஸ்ட் ஆகியவற்றை ஓட்டி வந்ததும் ஈரத்துணியால் துடைத்து உலர விடுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போஸ்ட்டைக் கழற்றித் துடைத்துப் போடாவிட்டால் ஒருநாள் அது ஃபிரேமோடு ஒட்டிக்கொள்ளும்.

விழுந்தால், நீங்கள் எழுந்து உங்களைப் பார்த்துக்கொண்ட பிறகு, வண்டியைத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். ஐந்து ரூபாய் நாணயத்தால் குழாய் நெடுகத் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடத்தில் ‘டக்’ என்று தெளிவாகவும், உள்ளே தாள் பிரிந்த இடத்தில் மந்தமாகவும் கேட்கும். இது முதல் சோதனை மட்டுமே. சந்தேகம் இருந்தால் கார்பன் பழுது பார்ப்பவரிடம் காட்டும் வரை ஓட்டாதீர்கள். விரிசல் விட்ட குழாயைத் திரும்ப அடுக்கிச் சரிசெய்ய முடியும். ஃபோர்க்கில் விரிசல் என்றால் சரிசெய்ய நினைக்காமல் மாற்றிவிடுங்கள்.

ஓட்டிப் பார்க்கும் நாள்

உங்கள் சொந்த ஷூவையும் பெடலையும், காற்றழுத்தம் காட்டும் பம்பையும் எடுத்துப் போங்கள். கடையில் முதல் வேலையாகச் சீட் உயரத்தை உங்கள் பழைய வண்டியின் அளவுக்கு வைக்கச் சொல்லுங்கள். அளவு சரியில்லாத வண்டி எந்த உண்மையையும் சொல்லாது. ஹேண்டில்பார் தூரமாக இருப்பதால் வரும் கைவலியை ஃபிரேமின் விறைப்பு என்று நினைத்து, நல்ல வண்டியை வேண்டாம் என்று சொல்லித் திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். பிறகு டயரில் காற்றைச் சரிபாருங்கள். கடைகளில் பெரும்பாலும் கல்லாக அடித்து வைத்திருப்பார்கள், அந்த அழுத்தத்தில் எந்தக் கார்பனும் முரடாகவே தெரியும்.

குறைந்தது அரை மணி நேரம் கேளுங்கள். முதல் பத்து நிமிடத்தை எதையும் யோசிக்காமல் ஓட்டுங்கள், புது வண்டியின் கிளர்ச்சி அடங்கட்டும். அதன் பிறகு நின்ற இடத்திலிருந்து கனமான கியரில் கிளம்பிப் பாருங்கள். எழுந்து நின்று ஒரு நிமிடம் மிதியுங்கள். ஒட்டுப் போட்ட சாலை ஒன்றைத் தேடிப் போய், ஒரே வேகத்தில் இரண்டுமுறை கடந்து, முதல்முறை கையையும் அடுத்தமுறை இடுப்பையும் கவனியுங்கள். மேம்பாலம் இருந்தால் ஏறி இறங்குங்கள். இறங்கும்போது ஒரு கையில் தண்ணீர் குடிக்கத் தைரியம் வருகிறதா பாருங்கள்.

அன்று எதையும் வாங்க வேண்டாம். வீட்டுக்கு வந்து பழைய சைக்கிளின் செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள், அந்த டயரிலும் காற்றைக் கடையில் வைத்த அளவுக்குக் கொண்டு வாருங்கள். முடிந்தால் நல்ல டயராகவே மாற்றுங்கள், இரண்டு வண்டிகளிலும் டயர் ஒரே தரத்தில் இருக்கும்போதுதான் ஃபிரேம் பேசும். மறுநாள் விடியலில் அதே பாதையில் அதே நான்கு வேலைகளையும் செய்து பாருங்கள். காலுக்கும் கைக்கும் இன்னும் அந்த மற்ற வண்டி வேண்டும் என்று இருந்தால், போய் வாங்கிக்கொள்ளுங்கள்.